பரமபதமா, தாயமா, பல்லாங்குழியா, செல்போனா: பிள்ளைக்குக் கணக்கு எதில் ஏறும்?

வடசென்னை தண்டையார்பேட்டையில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "மிஸ், போன்ல கணக்கு கேம் எறக்கிக் குடுத்திருக்கேன். அது போதும்ல?" போதாது என்பதுதான் என் பதில். அதற்காக போனைத் தூக்கிப்போடவும் சொல்ல மாட்டேன். நாலு வயதிலிருந்து எட்டு வயதுவரை எந்த விளையாட்டு எதைச் சொல்லித்தருகிறது, எதைச் சொல்லித்தராது என்று வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் சரியானதை எடுத்துக் கொடுக்க முடியும்.

முதலில் செல்போன். அதில் ஒரு நல்லது உண்டு. ஒரே கணக்கை எத்தனை தடவை வேண்டுமானாலும் சலிக்காமல் கேட்கும், தப்பாகப் போட்டால் முறைக்காது. ஏழாம் வாய்ப்பாடு நிற்காத மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது உதவும். அஞ்சு வயசுக்கு உதவாது. என்னிடம் வரும் ஒரு பையன் 7+5 எவ்வளவு என்று திரையில் கேட்டதும் நாலு விடையையும் வரிசையாகத் தட்டினான். பச்சை வந்ததும் அடுத்த கணக்கு. அதே கணக்கைப் புளியங்கொட்டையில் கேட்டேன். ஏழு கொட்டையை ஒன்றிலிருந்து எண்ணினான், அஞ்சைச் சேர்த்துவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். திரையில் அவனுக்கு மூன்று நட்சத்திரம் கிடைத்திருந்தது. அவன் எங்கே நிற்கிறான் என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. செயலியின் பெரிய குறையே இதுதான்: பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பது பெற்றவர்கள் காதில் விழுவதே இல்லை.

நாலு, அஞ்சு வயதுக்கு நான் முதலில் சொல்வது பரமபதம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க ஆடுவார்களே, அதுதான். கடையில் கிடைக்கிற பாம்பும் ஏணியும் அட்டை போதும். இதன் பலம் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இருப்பது. எண் பெரிதாகப் பெரிதாகக் காயும் தூரம் போகிறது, நேரமும் ஆகிறது. எண்ணின் அளவு பிள்ளைக்குக் கையாலேயே புரிந்துவிடுகிறது. ராபர்ட் ஸீக்லர், கீதா ரமணி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். 1 முதல் 10 வரை வரிசையாகக் கட்டம் போட்ட அட்டையில் மொத்தம் ஒரு மணி நேரம்போல ஆடியதிலேயே எண்ணறிவு தெளிவாகக் கூடியது. ஒன்பது வாரம் கழித்தும் அது நின்றது. எண்ணுக்குப் பதில் வெறும் நிறம் போட்ட அட்டையில் ஆடிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இல்லை.

ஆனால் நம் வீடுகளில் ஆடுகிற விதத்தில் அந்தப் பலன் பாதி கைநழுவிப் போகிறது. 23-இல் காய் இருக்கிறது, 4 விழுகிறது. பிள்ளை "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று நகர்த்துகிறது. அப்படி விடக்கூடாது. "இருபத்தி நாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு" என்று கட்டத்தில் இருக்கிற எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். 2014-இல் லாஸ்கியும் ஸீக்லரும் நூறு வரை உள்ள அட்டையில் இந்த இரண்டு விதத்தையும் ஒப்பிட்டார்கள். கட்டத்து எண்ணைச் சொன்ன பிள்ளைகள்தான் முன்னேறினார்கள். காசு செலவில்லாத, இன்று ராத்திரியே செய்யக்கூடிய மாற்றம் இது. தயவுசெய்து செய்யுங்கள்.

பரமபதத்துக்கும் ஒரு குறை உண்டு. வரிசை வளைந்து வளைந்து ஏறுகிறது. 34-க்கு நேர் மேலே 44 இருக்காது, 47 இருக்கும். அதனால் பத்துப் பத்தாகக் கூடுவதை இந்த அட்டையில் காட்ட முடியாது. அதோடு, எல்லாமே பகடையின் கையில். பிள்ளை யோசித்து முடிவெடுக்க ஒன்றுமில்லை. ஆறு வயதுக்கு மேல் இதையே பிடித்துக்கொண்டிருந்தால் வளர்ச்சி நின்றுவிடும்.

அந்த இடத்தில்தான் தாயம் வருகிறது. இதில் பிள்ளை முடிவெடுத்தே ஆக வேண்டும். ஆறு, அஞ்சு, மூணு என்று அடுத்தடுத்து விழுகிறது. மூன்றையும் மனதில் வைத்திருந்து, எந்தக் காயை எதனால் நகர்த்தினால் எதிரியை வெட்டலாம், எந்தக் காயை வெட்டுப்படாத மலைக் கட்டத்தில் ஏற்றலாம் என்று பார்க்க வேண்டும். "அவன வெட்ட எனக்கு எத்தினி வேணும்?" என்று பிள்ளை தன் வாயாலேயே கேட்கிறதே, அதுதான் கழித்தல் கணக்கு. பாடப்புத்தகத்தில் அதே பிள்ளையை உட்காரவைத்துக் கேட்டால் கொட்டாவி விடும்.

பித்தளைத் தாயக்கட்டை இல்லையென்றால் ஆறு புளியங்கொட்டை எடுத்து, ஒருபக்கம் மட்டும் சிமெண்ட் படியில் தேய்க்க வேண்டும். கறுப்புத் தோல் போய் உள்ளே வெள்ளை தெரியும்வரை தேய்த்தால் சரி. உருட்டினால் எத்தனை வெள்ளை மேலே இருக்கிறதோ அத்தனை. எல்லாம் கறுப்பென்றால் பன்னிரண்டு. தாயக்கட்டையாக இருந்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னொரு வேலையும் கொடுக்கலாம். ஒரு கட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என நாலு முகம். இரண்டு கட்டை சேர்ந்தால் மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் மூணு வர நாலு வழி; பன்னிரண்டுக்கும் (இரண்டு கட்டையும் வெறுமை) ஆறுக்கும் ஒவ்வொரு வழிதான். ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணிவரச் சொல்லுங்கள். நிகழ்தகவை அந்தப் பெயர் தெரிவதற்கு முன்பே பிள்ளை கண்ணால் பார்த்துவிடும்.

தாயத்தில் சங்கடம், ஆட்டம் நீளம். தாயம், அதாவது ஒன்று, விழாமல் காயே இறங்காது. 16-இல் இரண்டு வழிதான் அதற்கு. ஆறு வயசுப் பிள்ளை காத்திருந்து காத்திருந்து அழுதுவிடும். சின்னவர்களுக்கு அஞ்சு விழுந்தாலும் இறக்கலாம் என்று விதியைத் தளர்த்திவிடுங்கள். ஏழுக்கு ஏழு வேண்டாம், அஞ்சுக்கு அஞ்சு கட்டம் போதும்.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் அஞ்சு வயதிலிருந்து ஏழு வயதுவரை என் ஓட்டு பல்லாங்குழிக்குத்தான். பக்கத்துக்கு ஏழாக 14 குழி, குழிக்கு அஞ்சு கொட்டை, மொத்தம் 70. ஒவ்வொரு குழியாகப் போட்டுப்போகும்போது ஒரு கொட்டைக்கு ஒரு எண் என்ற அடிப்படை கையில் படிகிறது. குழியில் நாலு சேர்ந்தால் பசு, அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். பசுவை விடக்கூடாது என்ற ஆசையில் எண்ணாமலே நாலை அடையாளம் காணப் பழகுகிறார்கள்.

அதைவிட முக்கியம், ஒரு சுற்று முடிந்து அவரவர் கையில் சேர்ந்த கொட்டையைத் தன் பக்கத்து ஏழு குழியிலும் அஞ்சஞ்சாகத் திரும்ப நிரப்புவது. எங்கள் வீட்டுக்குக் கீழ்ப்போர்ஷனில் ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவள் ஆயாவோடு ஆடுவாள். ஒருநாள் அவள் கையில் 32 கொட்டை. ஆறு குழி நிரம்பியது, இரண்டு மிச்சம்.

"எத்தினி பத்தல உனக்கு?" என்றார் ஆயா.

"மூணு."

ஆயா தன் ஏழு குழியையும் நிரப்பிவிட்டு மடியில் மிச்சம் இருந்ததைக் காட்டினார். மூணு கொட்டை. அந்தப் பெண் ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஆயா, என்னோட மூணு உன்கிட்டதான் இருக்கு!" என்று கத்தினாள். வகுத்தல், மீதி, இருவரிடமும் சேர்த்து எப்போதும் 70 என்ற உண்மை, எல்லாம் அந்த ஒரே வாக்கியத்தில் இருந்தது. அந்த ஆயா பள்ளிக்கூடம் போனவர் இல்லை.

பலகை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போட்டால் ஆச்சு. ஹவுசிங் போர்டு வராந்தாவில்கூட அந்த இடம் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: குன்றிமணியைக் கொண்டு ஆட விடாதீர்கள். பார்க்க அழகு, ஆனால் கடும் விஷம். பிள்ளை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டையும் சோழியும் இருக்கவே இருக்கின்றன. தவழும் தம்பி தங்கை வீட்டில் இருந்தால் அவற்றையும் எண்ணி எடுத்துவைக்க வேண்டும். எழுபதும் இருக்கிறதா என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள், பத்துப் பத்தாக.

கேரமை விட்டுவிட்டு வடசென்னையில் விளையாட்டைப் பற்றிப் பேச முடியாது. 2008-இல் உலக சாம்பியனான இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024 உலகக் கோப்பையில் தங்கம் அள்ளிய காசிமாவும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். கணக்கு என்று பார்த்தால் ஏழு, எட்டு வயதுக்கு மேல்தான் இது சரிப்படும். தெருவில் ஆடுகிற பாயிண்ட் ஆட்டத்தில் கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50. மொத்தம் 320. மூணு வெள்ளை, நாலு கறுப்பு, சிவப்பு எடுத்தவனிடம் 150 இருந்தால் பலகையில் மிச்சம் எவ்வளவு என்று கேளுங்கள். பலகையின் ஓரத்தில் பட்டுத் திரும்புகிற கோணமும் கைக்குப் பழகும். ஆனால் ஒரு ஆட்டத்தில் கணக்குக்குப் போகும் நேரம் கொஞ்சம்தான். மீதி எல்லாம் விரல் வித்தை.

எந்த வயதில் எதை மாற்றுவது என்று தேதி பார்க்க வேண்டாம், பிள்ளையின் வாயைக் கவனியுங்கள். பரமபதத்தில் 23-இல் இருந்து 4 விழுந்ததும் கட்டம் கட்டமாக எண்ணாமல் நேராக 27-க்குப் போய்விட்டால் பல்லாங்குழிக்கு மாறலாம். பல்லாங்குழியில் கொட்டையை எடுப்பதற்கு முன்பே கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும் என்று விரல் வைத்துக் காட்ட ஆரம்பித்தால் தாயக்கட்டத்தைப் போடுங்கள். அதன்பிறகு அவர்களுக்காக விட்டுக்கொடுத்து ஆட வேண்டியதும் இல்லை.