டேப்பர் ரீமர்: மில் வேலையில் பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

மலேசியாவின் தெலுக் இந்தான் சுற்றுவட்டாரத்தில் செம்பனை எண்ணெய் மில்களுக்கு ஸ்டீல் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் ஒரே தலைவலிதான். இங்கே மண் இளகல். 1885-இல் கட்டிய நம்ம ஊர் சாய்ந்த கோபுரமே அதற்குச் சாட்சி. மில்லில் ஒரு தூண் கொஞ்சம் இறங்கினாலும் போதும், பட்டறையில் அளந்து துளை போட்டுக் கொண்டுபோன பீம், மேலே தூக்கியதும் பொருந்தாது. போல்ட் பாதியில் நிற்கும், கிரேன்காரர் கீழே மணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த நேரத்தில் யாராவது ஒரு தம்பி "அண்ணே, கேஸ் வெச்சு ஊதிடலாமா?" என்று கட்டாயம் கேட்பான். கேஸ் தீயால் துளையை ஊதி அகலமாக்கினால் வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் துளை ஓரம் பல்லு பல்லாக நிற்கும், சூடு பட்ட இடம் இறுகிப்போகும், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். இன்ஜினியர் பார்த்தால் அந்தப் பிளேட்டையே மாற்றச் சொல்வார். அதனால்தான் ரீமர்: டிரில்லில் மாட்டி, இருக்கிற துளையைச் சீவி அகலமாக்கும் கருவி.

இதன் முனை மெலிசு. போகப் போகத் தடித்து, கடைசிப் பகுதி நேராக இருக்கும். மெலிந்த முனை இரண்டு துளைக்குள்ளும் புகுந்து வழி பிடிக்கும், நேர் பகுதி அளவை முடிக்கும். எம்20, அதாவது 20 மில்லிமீட்டர் தடிமன் போல்ட்டுக்குத் துளை 22 மில்லிமீட்டர். இரண்டு துளையும் 3 மில்லி விலகி நின்றால் நடுவில் திறந்திருப்பது 19 மில்லிதான், போல்ட் போகாது. 22 மில்லி ரீமரை ஓட்டினால் அது நடுவாக உட்கார்ந்து, ஒவ்வொரு பிளேட்டிலும் ஒரு பக்கம் ஒன்றரை மில்லி அளவுக்குத் தின்னும். துளை 22-க்கு 23.5 என்று நீளும். கெட்டியான வாஷர் போட்டு முடுக்கிவிடலாம்; ஆனாலும் இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அதற்கு மேல் விலகியிருந்தால் ரீமரைத் தொடாதீர்கள். தப்பு வேறு எங்கோ இருக்கிறது, அளவை மறுபடி பாருங்கள்.

எனக்கு இது அதிகம் உழைத்தது பழைய மில்களில். அந்தக் காலத்து வேலை எல்லாம் இஞ்சு கணக்கு: முக்கால் இஞ்சு போல்ட், 13/16 இஞ்சு துளை. மில்லியில் சொன்னால் 20.6. இப்போது கடையில் கிடைப்பது எம்20. பார்க்கப் போகிற மாதிரி இருக்கும், ஆனால் பெயிண்டும் துருவும் சேர்ந்து பாதியில் பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் அடித்து இறக்கினால் மரை நசுங்கி நட்டு ஏறாது. ரீமர் ஒரு ஓட்டு ஓட்டினால் சுத்தமாக 22 ஆகிவிடும்.

வாங்கும்போது ரீமரின் வெட்டுப் பற்கள் சுற்றியிருக்கும் சுருள் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். இடது சுருள்தான் நல்லது. வலது சுருள் திருகு மாதிரி தன்னையே உள்ளே இழுத்துக்கொண்டு சிக்கும். கையில் டிரில் பிடித்திருந்தால் மணிக்கட்டு போய்விடும், அதுவும் சாரத்தின் மேல் நின்றுகொண்டு. காந்தத்தால் இரும்பில் பிடித்து நிற்கும் மேக்னட் டிரில் ஒட்டுகிற இடமென்றால் அதுதான் சுகம். நிமிடத்துக்கு 150 சுற்றுப் பக்கம் மெதுவாக ஓட்டி, கட்டிங் ஆயில் தாராளமாக விடுங்கள். டிரில் வைக்க இடமில்லாத மூலையில் தட்டித் தட்டிச் சுற்றும் இம்பேக்ட் கன்னுக்கென்றே செய்த அறுகோண வால் ரீமர் போடலாம், கையை அவ்வளவாக உதைக்காது. சாதாரண ரீமரை எதையாவது மாட்டி இம்பேக்டில் போட்டால் வால் முறுக்கிக்கொள்ளும்.

வெளியே எடுக்கும்போதும் வலப்பக்கமே சுற்றிக்கொண்டு இழுக்க வேண்டும். ரிவர்ஸ் போட்டால் வெட்டும் ஓரங்கள் சில்லுச் சில்லாக உடையும். மலிவு ரீமர்கள் இங்கேதான் செத்துப்போகின்றன. நல்ல ஹைஸ்பீட் ஸ்டீல் என்றால் மழுங்கினாலும் தீட்டி மறுபடி ஓட்டலாம்.

ஒரு குறை, நீளம். முனை பிளேட்டைத் தாண்டி நிறைய வெளியே போக வேண்டும். பின்னால் தூணின் வெப் (நடுத்தகடு) இருந்தாலோ, மூடிய பெட்டித் தூணாக இருந்தாலோ முனை இடித்து நின்றுவிடும். நேர் பகுதி துளைக்குள்ளேயே வராது. இதற்கு எனக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை.

ரீமருக்கு முன்னால் டிரிஃப்ட் பின், துளைகளை நேராக்க அடிக்கும் கூம்பு ஆணி. எதிரெதிர் மூலையில் இரண்டு பின் அடித்து, நேராக வந்த துளைகளில் போல்ட் போட்டுப் பிளேட்டை இறுக்கிய பிறகே மற்ற துளைகளை ரீமர் ஓட்டுவேன். இறுக்காமல் ஓட்டினால் சீவல் பிளேட்டுகளுக்கு நடுவே புகுந்து, அப்புறம் எவ்வளவு முடுக்கினாலும் ஒட்டாது. பின்னை ஓங்கி அடித்தே துளையைப் பெரிதாக்குவதும் வேண்டாம், உலோகம் பிதுங்கும்.

செம்பனைக் குலைகளை வேகவைக்கும் ஸ்டெரிலைசர் பக்கம் எப்போதும் நீராவி. ரீமர் தின்ற இடம் வெறும் இரும்பு, இரண்டு மழைக்குள் சிவந்துவிடும். போல்ட் போடுவதற்கு முன்பே துளை ஓரத்தில் ஜிங்க் பெயிண்ட் தொட்டுவிடுகிறோம். போல்ட் இறுக்கத்தில் பிளேட்டுகளின் உராய்வால் நிற்கிற ஜாயின்ட் என்றால் பிளேட் ஒட்டும் முகத்தில் மட்டும் இன்ஜினியரைக் கேட்காமல் பூசக்கூடாது.

22-உடன் சேர்த்து 18-ம் 26-ம் வாங்கினேன். எம்24-க்கான 26 பெட்டியை விட்டு வெளியே வருவதே அபூர்வம். கைப்பிடி, படிக்கட்டு, நடைமேடை எல்லாம் எம்16 என்பதால் 18 ஓயாமல் ஓடுகிறது. அதில் மட்டும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.