கெராமாட் சாலையின் கிழட்டு அரங்கம்: கூரையில்லாத பக்கம் உட்காருங்கள்

முதலில் ஒரு வாக்குமூலம். பினாங்கு சிட்டி ஸ்டேடியத்தில் விழுந்த கோல்களிலேயே உலகம் அதிகம் பார்த்த கோலை, அதே அரங்கத்துக்குள் இருந்துகொண்டே நான் பார்க்கவில்லை. 2016 பிப்ரவரி 16, செவ்வாய்க்கிழமை. எங்கள் பினாங்கு அணிக்கும் பகாங் மாநில அணிக்கும் கால்பந்து ஆட்டம். எங்கள் ஆட்டக்காரர் முகமது ஃபைஸ் சுப்ரி ஃபிரீ கிக் அடிக்கப் பந்தை வைத்த நேரம், நான் படிகளுக்குக் கீழே நின்று கச்சாங் பூத்தே என்கிற வறுத்த கடலை, பட்டாணி நொறுக்குத்தீனி வாங்கிக்கொண்டிருந்தேன். கடலையா, பட்டாணியா என்று கேட்டார் விற்பவர். பாதிக்குப் பாதி என்றேன். அவர் பொட்டலத்தை மடிக்கும்போது தலைக்கு மேலே ஒரு நொடி எல்லாம் அடங்கிப்போனது. அதற்குப் பிறகுதான் சத்தம். சாதாரண கோலுக்குச் சத்தம் பந்தோடு சேர்ந்தே வரும். இது பின்தங்கி வந்தது. கண்ணை நம்ப ஆட்களுக்கு அவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது. நான் மேலே ஏறி வருவதற்குள் ஆட்டக்காரர்கள் கட்டிப்பிடித்து முடித்திருந்தார்கள்.

பந்து ஒரு பக்கம் போவதுபோல் போய், நடுவழியில் மனம் மாறி மறுபக்க மேல்மூலைக்குள் நுழைந்ததை மறுநாள் கைப்பேசியில்தான் பார்த்தேன். 2017 ஜனவரியில், ஆண்டின் சிறந்த கோலுக்கு ஃபிஃபா கொடுக்கும் புஸ்காஸ் விருது அந்தக் கோலுக்குக் கிடைத்தது. ஆசியாவிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள் நம் ஃபைஸ். என் வீட்டுக்காரி இன்றுவரை கச்சாங் பூத்தேயை "புஸ்காஸ் கடலை" என்றுதான் சொல்கிறாள்.

சென்ற மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அரங்கம் 1932-இல் கட்டப்பட்டது. மலேசியாவில் இன்னும் பயன்பாட்டில் இருப்பவற்றில் இதுவே மூத்தது. அரங்கம் இருக்கும் ஜார்ஜ்டவுன் மாநகரமானதே 1957 ஜனவரி 1-இல்தான். அரங்கம் அதைவிட இருபத்தைந்து வயது பெரியது. வசதி தேடிப் போகிறவர்களுக்குத் தீவுக்கு அக்கரையில் பத்து காவான் அரங்கம் இருக்கிறது: 2000-இல் திறந்தது, நாற்பதாயிரம் பேர் உட்காரலாம். அங்கே நானும் போயிருக்கிறேன். இடம் தாராளம், நிறுத்துமிடம் தாராளம், காற்றும் தாராளம். கத்துவதையெல்லாம் அந்தக் காற்று கடலுக்குக் கொண்டுபோய்விடுகிறது. நம் பழைய அரங்கம் இருக்கும் டத்தோ கெராமாட் சாலையில் அப்படி இல்லை. சுற்றிலும் வீடும் கடையும் போக்குவரத்தும் நெருக்க, நடுவில் திடல். சத்தம் வெளியேற வழி தெரியாமல் உள்ளேயே சுற்றுகிறது. "கெராமாட் கர்ஜனை" என்று பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான்.

போகும் வழி: நகர நடுவில் இருக்கும் கொம்தார் கோபுரத்திலிருந்து நடந்தால் இருபது நிமிடம். நடப்பதே உத்தமம். நாங்கள் வாடகைக் காரில் போய், ஓட்டுநர் நெரிசலுக்குப் பயந்து பாதிவழியில் இறக்கிவிட்டதால், எப்படியும் நடந்தோம்; காசு கொடுத்து நடந்தோம் என்பதுதான் வித்தியாசம்.

இனி முக்கியமான செய்தி. கூரை போட்ட பெரிய மேடைக்கு டிக்கெட் வாங்காதீர்கள். நான் பேரனை உத்தேசித்து முதல் பாதி அங்கேதான் இருந்தேன். மழைக்குப் பயமில்லை, உண்மை. ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ கூட்டத்துக்கு வந்தவர்கள்போல் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். சத்தமெல்லாம் எதிர்ப்பக்கத்தில். அங்கே நீலமும் மஞ்சளும் உடுத்திய இளைஞர்கள் தொண்ணூறு நிமிடமும் மேளம் அடிக்கிறார்கள், உட்காருவதே இல்லை. அடுத்த வாரமே கூரையில்லாத பக்கத்துக்கு டிக்கெட் எடுத்தேன். உட்கார ஒரு பழைய நாளிதழ், தலைக்கு ஒரு பிளாஸ்டிக் பை, இவ்வளவு போதும். தூறல் வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

ஆட்டத்தின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 1974-இல் நாம் பேராக்கை வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா வானொலிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் ஆடினார். 1982, 1998, 2001 என்று லீக்கும் வென்றிருக்கிறோம். அந்த நினைப்போடு இன்றைய அணியைப் பார்த்தால் வயிறு எரியும். சத்தத்துக்காகப் போங்கள்.

கச்சாங் பூத்தே விற்பவர் இப்போது வேறு ஆள். ஈப்போ புந்தோங் பக்கத்து உறவுக்காரர்கள் வறுத்து அனுப்புவதாகச் சொன்னார். காரப்பட்டாணி நன்றாக இருந்தது. மாவில் தோய்த்த கடலை அன்று சற்று நமுத்திருந்தது. காகிதக் கூம்பு மாறவில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிட்டேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இடைவேளையில் பேரன் கேட்டான்: "தாத்தா, அந்தக் கோல் எங்கிருந்து அடித்தது?" நான் எழுந்து நின்று, நேரில் பார்த்தவன் தோரணையில் கையை நீட்டி இடத்தைக் காட்டினேன். பின்வரிசையில் மேளத்தோடு இருந்த பையன் குனிந்து, மரியாதையாகத்தான், "அங்கிள், அது அந்தப் பக்கத்து கோல்" என்றான்.