பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புது ஸ்டியரிங் டேம்பர் போடக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

என்னிடம் இருப்பது 1957ஆம் ஆண்டு ட்ரையம்ப் தண்டர்பேர்ட், 649 சிசி. அப்பா கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில் வாங்கியது. அவர் போனபிறகு என்னிடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்கொழும்புப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வருவேன். இரண்டு வருடமாக ஒரு தொல்லை. 70 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டால் வண்டி மெதுவாக நெளியத் தொடங்கும். வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும்.

மருதானைப் பக்கத்தில் ஒரு கராஜ். பெயர் எழுதவில்லை. அங்கே கொண்டுபோய்க் காட்டினேன். முதலாளி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் காலத்து டேம்பர் ஒன்று போட்டால் ரயில் மாதிரி நேராகப் போகும்" என்றார். டேம்பர் என்றால் ஹேண்டில் உதறாமல் அடக்கும் சாமான். ஒயில் நிறைந்த குழாய்க்குள் ஒரு கம்பி போய்வரும். முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. பின்சக்கரத்தில் கையே வைக்கவில்லை. அந்த இடத்திலேயே நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

தங்கநிறத்தில் ஒரு டேம்பரை எடுத்துக் காட்டினார். மேலே ஓலின்ஸ் என்று அச்சு. ஸ்வீடன் சாமான், கடைசி ஒன்றுதான் இருக்கிறது என்றார். 38,000 ரூபா, பூட்டுகூலி 15,000. அசல் ஓலின்ஸ் டேம்பர் இந்த விலைக்கு வராது என்று பின்னால்தான் விசாரித்து அறிந்தேன். நல்ல டேம்பரைக் கழற்றி, சீல் மாற்றி, ஒயில் மாற்றித் திரும்பப் பூட்டலாம். எனக்குத் தந்ததன் இரண்டு முனையும் அமுக்கி மூடியிருந்தன. இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கிளிக் குமிழை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பினாலும் இறுக்கம் ஒரே மாதிரிதான். கம்பியோரம் ஒயிலும் கசிந்தது.

ஆனால் போலிச் சாமானை விட அவர்கள் செய்த வேலைதான் என் நெஞ்சை அறுத்தது. இந்த வண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஹெட்லைட், ஸ்பீடோமீற்றர், அம்மீற்றர், லைட் சுவிட்ச் எல்லாம் ஒரே தகட்டுக் கூட்டுக்குள் இருக்கும். 1949இல் ட்ரையம்ப் கொண்டுவந்த அமைப்பு அது. அந்தக் கூட்டின் கால்கள், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயின் மேல்பாதியை மூடிக்கொண்டு இறங்கும். அதாவது, இன்றைய டேம்பரைக் குழாயோடு இறுக்கும் வளையமான கிளாம்பைப் பிடிக்க அங்கே வெறுங்குழாயே இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இடதுபக்க உறையைக் கிரைண்டரால் நாலு விரல் அகலம் வெட்டியிருந்தார்கள். உள்ளே இருக்கும் குழாய் ஏறத்தாழ 33 மில்லிமீற்றர். கிளாம்போ இந்தக் காலத்துத் தடித்த ஃபோர்க்குக்குச் செய்தது. இடைவெளியை அடைக்கப் பழைய டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார்கள்.

மறுமுனையைப் பிடிக்க, பிரேமின் முன்குழாயில், ஹேண்டில் சுழலும் ஸ்டியரிங் தலைக்குக் கிட்ட ஒரு தகட்டை வைத்து ஆர்க் வெல்டிங் அடித்திருந்தார்கள். அந்தக் காலத்து ட்ரையம்ப் பிரேமில் குழாய்களை வார்ப்பு முட்டுகளுக்குள் செருகிப் பித்தளையால் ஒட்டியிருப்பார்கள். பக்கத்தில் வெல்டிங் சூடு பட்டால் அந்த ஒட்டும் கெடலாம், வார்ப்பும் வெடிக்கலாம். முழு முன்பக்கத்தையும் தாங்கும் இடம் அது.

இன்னொன்று. இந்த வண்டிக்குக் கம்பனியே ஒரு டேம்பர் வைத்திருந்தது. ஹேண்டிலின் நடுவில் ஒரு குமிழ். அதை இறுக்கினால் ஸ்டியரிங் தலையின் அடியில் உராய்வுத் தட்டுகள் நெருங்கிப் பிடிக்கும். எளிமையானது, கசிய ஒன்றுமில்லை. அந்தக் குமிழும் அதன் நீளக் கம்பியும் எங்கே என்று கேட்டேன். "பழைய இரும்புதானே, போட்டுவிட்டோம்" என்றார்கள். அப்பாவின் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த குமிழ் அது.

வண்டியை எடுத்த அன்று மாலையே ஆபத்து வந்தது. ஹேண்டில் கனமாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, புதிது, பழகிவிடும் என்றார்கள். வெள்ளவத்தை ஸ்டேஷன் ரோட்டிலிருந்து மரைன் டிரைவுக்கு இடதுபக்கம் திரும்பினேன். பாதி திரும்பியதும் ஹேண்டில் நின்றுவிட்டது. டேம்பரின் கம்பி முழுவதும் உள்ளே போய் முட்டிக்கொண்டது. கிளாம்ப் வேறு குழாயில் வழுக்கிச் சுழன்று இறுகிவிட்டது. வண்டி வளையாமல் ரயில் பாதைப் பக்கமாகவே போனது. எதிரே வந்த த்ரீவீலர்காரர் சடுதியாகப் பிரேக் பிடித்திராவிட்டால் இன்று நான் இதை எழுத மாட்டேன். முழங்காலில் காயத்தோடு தப்பினேன்.

அதற்குப் பிறகு, தெரிந்தவர் ஒருவர் சொல்லி, கொட்டாஞ்சேனையில் வயதான ஒரு நானாவிடம் கொண்டுபோனேன். அவர் டேம்பரைத் திரும்பியும் பார்க்கவில்லை. எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினார். ஃபோர்க்கின் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். டக் டக் என்றது. ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பச் சொன்னார். நேர்க்கோட்டுக்கு வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றது. பெயாரிங் குண்டுகள் ஓடும் பாதை குழிந்துபோயிருக்கிறது. பிறகு பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அச்சில் உள்ள புஷ் முழுவதும் தேய்ந்து, சக்கரம் கண்ணுக்குத் தெரியவே ஆடியது.

"மகன், நோய் பின்னால் இருக்கு, மருந்தை முன்னால் கட்டியிருக்கிறாங்க" என்றார்.

அவர் சொன்னதன் விளக்கம் இதுதான். 1963க்கு முந்திய ட்ரையம்ப் 650களில் ஸ்விங் ஆர்ம் அச்சின் இரு பக்கமும் பிரேமோடு சரியாகப் பிடிப்பில்லை. புஷ் புதிதாக இருந்தாலே கொஞ்சம் நெளியும். தேய்ந்தால் கேட்கவே வேண்டாம். இப்படி முழு வண்டியும் மெதுவாக நெளிவது வேறு, ஹேண்டில் மட்டும் படபடவென்று உதறுவது வேறு. டேம்பர் அடக்குவது அந்த உதறலைத்தான். மெதுவான நெளிவுக்கு டேம்பரை இறுக்கினால் அது கூடவும் செய்யலாம்.

நானா புஷ் மாற்றி, ஸ்டியரிங் பெயாரிங் மாற்றி, நூல் பிடித்து இரண்டு சக்கரத்தையும் நேராக்கினார். எல்லாமாக 22,000 ரூபா. ஓட்டிப் பார்த்தபோது டேம்பர் இல்லாமலே 80இல் நேராகப் போனது.

உங்கள் வண்டிக்கு உண்மையிலேயே டேம்பர் தேவை என்றால், நானா செய்ததை எல்லாம் முதலில் செய்து பாருங்கள். அப்புறம் அளவு. ஹேண்டிலை இடது கோடியிலும் வலது கோடியிலும் வைத்து, டேம்பர் பிடிக்கப்போகும் இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான தூரத்தை அளவுங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை விட டேம்பரின் கம்பி ஓடும் தூரம் கூடுதலாக இருக்க வேண்டும். ஹேண்டில் அளவுக்கு மீறித் திரும்பாமல் தடுக்கப் பிரேமில் உள்ள ஸ்டொப்பர்தான் முதலில் முட்ட வேண்டும், டேம்பர் முட்டவே கூடாது. கிளாம்ப் உங்கள் குழாயின் அளவுக்கே கடைந்ததாக இருக்கட்டும். பிரேமில் வெல்டிங் என்ற பேச்சு வந்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டியபின் ஆகக் குறைந்த இறுக்கத்தில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு கிளிக்காகக் கூட்டுங்கள். கழற்றும் ஒவ்வொரு பழைய சாமானையும் ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். இதை வாயால் சொன்னால் போதாது, வேலைச் சீட்டில் எழுதச் செய்யுங்கள்.

காசு திரும்பக் கேட்டேன். பூட்டிய சாமானைத் திருப்பி எடுப்பதில்லை என்று கத்தினார்கள். பற்றுச்சீட்டில் "உதிரிப்பாகம், கூலி" என்று மட்டும்தான் இருக்கிறது. ஓலின்ஸ் என்ற சொல்லே இல்லை. ஆகவே நீங்கள் சாமானின் பெயரையும் மாதிரி இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம், ஆனால் முறைப்பாட்டை வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் படங்களோடு கொடுத்திருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

வெல்டிங் அடித்த இடத்தை நானா இன்னும் சாயம் ஊற்றிச் சோதிக்கவில்லை. வெடிப்பு இல்லை என்று தெரியும் வரை வண்டி வீட்டில்தான் நிற்கிறது. 1957 தண்டர்பேர்டின் இடதுபக்க ஃபோர்க் உறையோ, டேம்பர் குமிழும் கம்பியுமோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.