கடலில் வைத்து ஓடிபி கேட்கும் வழிகாட்டிக் கருவி: பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து நாட்டுப்படகுக்காரர்கள் கவனத்துக்கு. கரைக்கே வந்து ஒரு புது ஜிபிஎஸ் கருவியை விற்கிறார்கள். பெரிய தொடுதிரை, நாம் பேசினால் பதில் பேசும், விலை 22,000 ரூபாய். நான் வாங்கினேன். என் பழைய கருவியில் இருந்த பார்களின் (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டுகளின்) புள்ளிகளையெல்லாம் விற்பனையாளரே புதியதில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, “பழையதைத் தூக்கிப் போடுங்கள் அண்ணே” என்றார். அந்தப் புள்ளிகளில் பாதி, பாம்பன் கலங்கரை விளக்கத்தை அடையாளம் வைத்து என் அப்பா கண்டுபிடித்தவை.

சில மாதம் ஒழுங்காக ஓடியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. எங்களைப் போன்றவர்கள் நாலு காசு பார்ப்பது அப்போதுதான். சரியாக அந்த நேரத்தில், கரையில் கிடந்த கருவி ஒரு ராத்திரியில் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. விடியும் முன் வடகடலில் (பாக் விரிகுடாவில்) போய்த் திறந்தால், “வணக்கம், இன்று நான் எப்படி உதவட்டும்?” என்கிறது. அடுத்து கைபேசி எண், அதற்கடுத்து ஓடிபி. அங்கே சிக்னல் ஏது? புள்ளிகளும் இல்லை, எல்லைக்கோடும் இல்லை. 1974-இல் இலங்கையோடு ஒப்பந்தம் போட்டுப் பிரித்த கோடு தண்ணீரில் தெரியாது. அதைத் தாண்டிப் படகையே பறிகொடுத்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். வலையை இறக்காமலே திரும்பினோம்.

ஜிபிஎஸ்ஸுக்கு இன்டர்நெட் தேவையே இல்லை. செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலைக் கருவி வாங்கிக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். அதற்குச் சிம்மும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். இந்த நிறுவனம் நம் புள்ளிகளைக் கருவியில் வைக்காமல் தன் கணினியில் வைத்திருக்கிறது. அவற்றைத் திரும்பப் பார்க்க ஆண்டுக்கு 4,800 ரூபாய் சந்தாவாம். வாங்கும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன் செய்து கேட்டால், “நீங்கள் புதுப்பிப்பை ஏற்றுக்கொண்டதாகப் பதிவாகியிருக்கிறது சார்” என்கிறார் ஒரு பெண். கையோடு, புதிய வசதிகளுக்கு எத்தனை நட்சத்திரம் தருவேன் என்றும் கேட்டார்.

வசதிகளைச் சொல்கிறேன், கேளுங்கள். பேச்சுத் துணைக்கு ஒரு குரல். இன்ஜின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனிடமே கத்தித்தான் பேச வேண்டும். ஈரக் கை பட்டால் தொடுதிரை கண்டபடி தாவுகிறது. வெயில் ஏறினால் நம் முகம்தான் அதில் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இன்றைய மீன்பாட்டை நண்பர்களுடன் பகிருங்கள்’ என்று ஒரு பொத்தான்! எந்தப் பாரில் மீன் பட்டது என்று ஊருக்குச் சொல்லும் மீனவன் ஒருவனைக் காட்டுங்கள், பார்க்கலாம். சொந்த மச்சானிடமே திசையை மாற்றிச் சொல்கிற ஊர் இது. இதை வடிவமைத்தவர்கள் ஒரே ஒரு நாள் வள்ளத்தில் ஏறியிருந்தால், நனைந்த விரலுக்கு அழுந்துகிற நாலு பொத்தானும் வெயிலில் தெரிகிற திரையும் போதும் என்று விளங்கியிருக்கும். ஆனால் அவற்றுக்கு மாதாமாதம் காசு கேட்க முடியாதே.

விற்க வருபவரிடம், சிம்மைக் கழற்றிவிட்டு, கருவியை அணைத்துத் திரும்பப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். புள்ளிகளும் எல்லைக்கோடும் வரவில்லையென்றால் வாங்காதீர்கள். மெமரி கார்டில் நகல் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். பழைய கருவியைத் தூக்கிப் போடாதீர்கள். புள்ளிகளை நோட்டிலும் எழுதி வையுங்கள். மீன் இருக்கும் இடம், காற்று, அலை பற்றி ஹைதராபாத்தில் இருக்கும் இன்காயிஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் இலவசமாகவே தகவல் தருகிறது. பாம்பனில் 2016 முதல் நம் ஆட்களுக்காகவே கடல் ஓசை 90.4 வானொலியும் இருக்கிறது.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. நான் மனு கொடுத்துவிட்டேன். பில்லையும், சந்தா கேட்டு வந்த குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள். அங்கே முதலில் கேட்பது அவற்றைத்தான்.