பிளக்ல மாட்டுற வாட் மீட்டர், 6 மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

கரண்ட் பில் ஏறிக்கிட்டே போச்சு, எது இழுக்குதுன்னு யாருக்கும் தெரியல. சார்ஜர பிளக்லயே விட்டுடுறாங்கன்னு எங்க வீட்டுக்காரரு புள்ளைங்கள சத்தம் போடுவாரு, ஃபேன அணைக்கலன்னு நான் அவர சொல்லுவேன், இப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம்தான் இந்த மீட்டர வாங்கினோம். சுவத்து சாக்கெட்ல இத சொருகி, இதுல நம்ம சாமானோட பிளக்க சொருகணும், இப்ப எத்தனை வாட் இழுக்குது, இதுவரைக்கும் எத்தனை யூனிட் ஆச்சுன்னு காட்டும், அவ்ளோதான்.

முதல்ல சார்ஜரத்தான் போட்டோம். போன் இல்லாம சும்மா இருக்கும்போது 0.0ன்னு காட்டுச்சு. இந்த மாதிரி மீட்டர் எல்லாம் 2, 3 வாட்டுக்கு கீழ சரியா காட்டாது, ஆனாலும் பில்ல ஏத்துற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்லங்கிறது தெளிவாயிடுச்சு. ஒரு யூனிட்டுல போன 40 தடவை மாதிரி ஃபுல் சார்ஜ் பண்ணலாம்.

அடுத்து செட் டாப் பாக்ஸ். ஓடும்போது 14 வாட். ரிமோட்ல ஆஃப் பண்ணேன், 12 வாட்! சிவப்பு லைட் எரியுது, ஆஃப்னு நாம நினைக்கிறோம், கைய வெச்சு பாத்தா நடுராத்திரியிலயும் சூடா இருக்கு. ஒரு நாளைக்கு 20 மணி நேரம் இப்படி சும்மா கிடந்தா மாசத்துக்கு 7 யூனிட்டுக்கு மேல போகுது. இப்ப சுவிட்ச்லயே அணைச்சிடுறோம், மறுபடி போட்டா படம் வர ரெண்டு நிமிஷம் ஆகும், பரவாயில்ல.

எனக்கு உண்மையிலேயே காசு மிச்சம் பண்ணி குடுத்தது ஃப்ரிட்ஜ்தான். ஃப்ரிட்ஜ அஞ்சு நிமிஷம் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, கம்ப்ரஸர் ஓடும் நிக்கும், அதனால முழுசா 24 மணி நேரம் விடணும். எங்களுது 1.9 யூனிட் காட்டுச்சு. கதவு இடுக்குல ஒரு பேப்பர வெச்சு மூடி இழுத்து பாத்தேன், மேல இறுக்கமா இருந்துச்சு, கீழ் மூலையில அப்படியே வழுக்கிட்டு வந்துடுச்சு. அங்க கதவு சரியா ஒட்டலன்னு அர்த்தம். கதவ சுத்தி இருக்கிற ரப்பர் கேஸ்கெட் மட்டும் மாத்தி, பின்னாடி காயில்ல இருந்த தூசிய தட்டி, சுவத்த விட்டு கொஞ்சம் தள்ளி வெச்சதும் 1.4க்கு இறங்கிடுச்சு. அது மட்டும் மாசத்துக்கு 15 யூனிட். புது ஃப்ரிட்ஜ் வாங்கணும்னு பேசிக்கிட்டு இருந்தோம், நல்லவேளை வாங்கல.

குறைன்னா இருக்கு. ஸ்கிரீன்ல லைட் கிடையாது, கீழ இருக்கிற சாக்கெட்ல மாட்டினா டார்ச் அடிச்சு குனிஞ்சுதான் பாக்கணும். எங்க மாடல் 10 ஆம்பியர்தான் தாங்கும், ஏசி கீசர் எல்லாம் தயவுசெஞ்சு இதுல போடாதீங்க, சூடாகி உருகிடும். வாங்கும்போதே எத்தனை ஆம்பியர்னு பாத்துக்கோங்க.

சீலிங் ஃபேனுக்கு பிளக் இல்லாததால இது உதவாது. அதுக்கு காசே இல்லாத வழி, வீட்டு மெயின் மீட்டர்ல மினுக்குற சின்ன லைட். எங்க மீட்டர்ல ஒரு யூனிட்டுக்கு 3200 பல்ஸ்னு போட்டிருக்கு, அதாவது ஒரு யூனிட் ஆக 3200 தடவை மினுக்கும். ஃப்ரிட்ஜ் உள்பட எல்லாத்தையும் அணைச்சிட்டு ஒரே ஒரு ஃபேன ஃபுல் ஸ்பீடுல போட்டு 5 நிமிஷம் எண்ணினேன், 20 தடவை மினுக்குச்சு, மணிக்கு 240, அத 3200ஆல வகுத்தா 0.075 யூனிட், அப்படின்னா 75 வாட். ஹால்ல பழச கழட்டிட்டு, கரண்ட் கம்மியா இழுக்கிற பிஎல்டிசி மோட்டார் ஃபேன் மாட்டினப்புறம் அதே 5 நிமிஷத்துக்கு 8, 9 தான். நாள் பூரா ஓடுற ஃபேன மட்டும் மாத்தினா போதும், எப்பவாவது போடுற ரூம்ல இருக்கிறத விட்டுடுங்க.

இன்னொண்ணு, வீட்டு சாமான எல்லாம் ஒரு தடவை அளந்து முடிச்சா மீட்டர் சும்மாதான் கிடக்கும், அதனால சொந்தக்காரங்க, பக்கத்து வீடுன்னு நாலு பேரு சேர்ந்து ஒண்ணு வாங்குங்க. எங்களுது இப்ப நாத்தனார் வீட்டுல இருக்கு, அவங்க பழைய ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 3 யூனிட் காட்டுதாம், பேப்பர் வெச்சு பாருங்க அண்ணின்னு சொல்லியிருக்கேன்.