நாலு வருஷமாக க்விஸ்பவுலுக்குக் கேள்வி எழுதுகிறேன்

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு வந்த இடத்தில் க்விஸ்பவுல் தொற்றிக்கொண்டது, அணி அணியாக பஸ்ஸர் அமுக்கிப் பதில் சொல்லும் வினாடி வினா. சில போட்டிகளில் ஆட வேண்டுமென்றால் அணியே ஒரு பாக்கெட் கேள்வி எழுதித் தர வேண்டும், 20 டாஸ்அப் (யார் முதலில் பஸ்ஸரை அமுக்குகிறாரோ அவர் பதில் சொல்வது), 20 போனஸ் (டாஸ்அப்பைச் சரியாகச் சொன்ன அணிக்கு மட்டும் கிடைப்பது). கூடவே பக்கம் பக்கமாக விதிமுறை வரும். முதல் வருஷம் நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, கேள்வி கேட்க நமக்குத் தெரியாதா என்ற மிதப்பு.

ஊர்ப்பாசத்தில் ராமானுஜன் பற்றி ஒரு டாஸ்அப். முதல் வரியிலேயே, கணிதவியலாளர் ஹார்டி வந்த டாக்ஸியின் எண் 1729 என்ற பிரபலமான கதை. இதைப் படித்தால் அறையில் இருக்கிற எட்டுப் பேரும் ஒன்றாக பஸ்ஸரை அமுக்குவார்கள் என்று எடிட்டர் திருப்பி அனுப்பிவிட்டார். டாஸ்அப் பிரமிடு மாதிரி இருக்க வேண்டும். ஆழமாகப் படித்தவருக்கு மட்டும் பிடிபடுவது மேலே, ஊரறிந்தது அடியில். சரி என்று, 1920இல் ஹார்டிக்கு அவர் எழுதிய கடைசிக் கடிதத்தில் வரும் மாக் தீட்டா சார்புகளை மேலே வைத்தேன். அதுவும் சுலபமாம்! கடைசியில் 1970களில் டெலீன் என்ற கணிதவியலாளர் நிரூபித்த ராமானுஜன் யூகத்தை, ராமானுஜன் பெயரைச் சொல்லாமல் வளைத்து வளைத்து எழுதி, டாக்ஸியைக் கடைசி வரிக்குத் தள்ளினேன்.

விடைவரி, அதாவது கேள்விக்குக் கீழே எந்த விடையை ஏற்கலாம் என்று எழுதும் வரி, அந்த விஷயத்தில்தான் சரியாக அடி வாங்கினேன். 1914இல் எம்டன் கப்பல் குண்டு போட்ட நகரம் எது என்று போகும் கேள்விக்கு விடை ‘சென்னை’ என்று மட்டும் போட்டிருந்தேன், எடிட்டர் கண்ணிலும் தப்பிவிட்டது. போட்டியில் ஒரு பெண் பாதியிலேயே அமுக்கி ‘மெட்ராஸ்’ என்றார். கேள்வி வாசித்தவருக்கு ரெண்டும் ஒன்று என்று தெரியவில்லை, தப்பான விடை என்று மைனஸ் 5 போட்டுவிட்டார். ஆட்சேபம் எழுப்பித்தான் அந்தப் பெண் புள்ளியைத் திரும்ப வாங்கினார், நான் பின்வரிசையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். எதை ஏற்கலாம், எதற்கு ‘இன்னும் தெளிவாகச் சொல்லுங்கள்’ என்று கேட்கலாம் என்பதெல்லாம் நான் திறக்காமல் விட்ட அந்த விதிமுறைக் கோப்பில் தெளிவாக இருந்தது.

எரிச்சல் இல்லாமல் இல்லை. போனஸின் மூன்று பகுதிகளில் ஒன்று எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்கிறார்கள், அந்த எளிய பகுதியை எழுதத்தான் எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. இலக்கியம், வரலாறு, அறிவியலுக்குத் தலா நாலு டாஸ்அப் என்று பங்கீடு வேறு. எங்கள் அணியில் எல்லாரும் இன்ஜினியர்கள். கெடு தாண்டினால் நுழைவுக் கட்டணம் ஏறும், இன்னும் ஓவியத்தில் ரெண்டு டாஸ்அப் பாக்கி.