சண்டைக்கு நடுவில் ஆக்சிமீட்டர்: மூன்றரை நட்சத்திரம்

2021இல் கொரோனா இரண்டாவது அலையின்போது அடித்துப்பிடித்து வாங்கி, இப்போது பீரோவுக்குள் கிடக்கும் விரல் ஆக்சிமீட்டர் உங்கள் வீட்டிலும் இருக்கும். எங்களுடையது மதுரை கீழவாசல் பக்கம் ஒரு மருந்துக்கடையில் அநியாய விலைக்கு வாங்கியது. கம்பெனி பெயரெல்லாம் அழிந்துவிட்டது. எனக்கும் வீட்டுக்காரருக்கும் பேச்சு முற்றும்போது நாடி பார்க்க இதை எடுக்கிறோம். அந்த வேலைக்கு இது தேறுமா என்று பார்ப்போம்.

அனுப்பானடி வீட்டுக்கடன், மாமியாரின் மூட்டு ஆபரேஷன், காமராஜர் சாலையில் வீட்டுக்காரருடைய ஹார்டுவேர் கடையில் தேங்கிய கடன் பாக்கி. இரண்டு பேருக்கும் கவலை ஒன்றுதான், ஆனால் வாயைத் திறந்தால் ஆளுக்கொரு குற்றச்சாட்டாக வெளியே வரும். நான் திருப்புவனம் பள்ளியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்து, அவர்கள் வாதாடும்போது இதயத்துடிப்பை அளந்தவர். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் ஏறாது, குறைந்தது 20 நிமிடம் விலகி இருங்கள் என்பது அவருடைய ஆலோசனை. அதைப் படித்ததும்தான் பீரோவைத் திறந்தேன்.

கருவி விரலுக்குள் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் செலுத்தி அளக்கிறது. ஆக்சிஜன் 98 என்று காட்டுவதை விட்டுவிடுங்கள், நமக்கு வேண்டியது பக்கத்திலிருக்கும் நாடித்துடிப்பு. எண் நிலைக்கச் சில விநாடி ஆகும். கையை ஆட்டினால் கன்னாபின்னாவென்று குதிக்கும். கை நீட்டிப் பேசுகிறவர் கையை மடியில் வைத்தே ஆக வேண்டும், அதிலேயே சுருதி பாதி இறங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூச்சுப் பயிற்சிக்கு இது உதவும் விதம். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று ஏறும், விடும்போது இறங்கும். நான்கு விநாடி இழுத்து ஆறு விநாடி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஒருவர் விரலை மாட்டிக்கொள்ள, மற்றவர் எண்ண வேண்டும். எண்ணுகிறவருடைய மூச்சும் தன்னால் அந்த வேகத்துக்கு வந்துவிடும். 108இல் இருந்த எண் எண்பதுகளுக்கு வருவதைக் கண்ணால் பார்ப்பது தனி நிம்மதி.

அந்த 20 நிமிடத்தில் அவர் டீக்கடைக்குப் போவார், நான் கீரை ஆய்வேன். அடுத்து என்ன பதிலடி கொடுக்கலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தால் விலகியதில் பிரயோஜனமில்லை. அப்புறம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே பேசுவோம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம், ஒரு சுற்றில் நகைக்கடன், அடுத்த சுற்றில் கடை பாக்கி என்று பேச நல்ல நீளம். முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேச முடியாத பணக்கணக்கு, பக்கத்தில் நடக்கும்போது வந்துவிடுகிறது.

குறைகள் உண்டு. அடர்ந்த நகப்பூச்சு, சில்லிட்ட விரல் இரண்டும் அளவைக் கெடுக்கும். பெரிய சிக்கல் வேறு. அவர் பிரஷருக்கு மெட்டோபிரோலால் சாப்பிடுகிறார். அது துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. கண் சிவக்கக் கத்தினாலும் 84தான் காட்டும். “பாரும்மா, எனக்கு 84, உனக்கு 112. கத்துறது யாரு?” என்று கருவியையே சாட்சிக்கு இழுத்துவிட்டார். அன்றிலிருந்து என் எண்ணை நான் மட்டும் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். அவருக்கு எண் கிடையாது, தாடை இறுகினால் அவரே எழுந்து போக வேண்டும்.

நெஞ்சு வலித்தால் இதை மாட்டிக்கொண்டு உட்காராமல் ராஜாஜி மருத்துவமனைக்கு ஓடுங்கள். கை நீட்டி அடிக்கிற வீட்டுக்கு இந்த விளையாட்டே ஆகாது.

இதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம். மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் அதே எண் வரும். வீட்டில் ஏற்கெனவே கிடந்தால் எடுங்கள், முதலில் பேட்டரி கசிந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.